கல்லுக்கும் ஒரு படி

நுழையும்முன்

ஓலைச்சுவடிகளைப் படியெடுத்துக் காத்த மரபு தமிழருடையது. கல்வெட்டு எழுத்துகளைத் தாளில் மைப்படியாக ஒற்றியெடுக்கும் பணியும் நூறாண்டுகளுக்கும் மேலாக இங்கு நடைபெற்று வருகிறது. இன்று எழுத்தை மட்டுமன்றி, ஒரு பொருளின் முழு வடிவத்தையே கணினியில் படியெடுக்க முடிகிறது. அந்தப் படி எவ்வாறு அமைய வேண்டும், அது யார் கைக்குச் செல்ல வேண்டும் என்பன குறித்த கருத்துகளை முன்வைக்கிறது இக்கட்டுரை.

ஆற்றங்கரையில் ஒரு கல்

தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தில், வராக நதியின் போக்கில் அமைந்த ஊர் ஜெயமங்கலம். மேற்குத்தொடர்ச்சி மலையில் பிறக்கும் வராக நதி பெரியகுளத்தைக் கடந்து, வயல்களுக்கு நீர் தந்து, வைகையைச் சென்றடைகிறது. இவ்வூர் மாணவி ஒருத்தி வயல்வரப்பின் ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் பழைய கல்லொன்றைக் காண்கிறாள் எனக் கொள்க. அதன்மேல் ஏதோ உருவம் செதுக்கப்பட்டிருப்பதுபோல் தோன்றுகிறது. மழையும் வெயிலும் தேய்த்துவிட்டதால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அவள் என்ன செய்ய வேண்டும்?

இது வீண் கற்பனையன்று. இதே மாவட்டத்தில், ஆண்டிப்பட்டி வட்டத்தைச் சேர்ந்த புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டு தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்றில் 'ஆகோள்' என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. ஆநிரை கவர்தலைக் குறிக்கும் அச்சொல், இலக்கணமும் இலக்கியமும் கூறும் வாழ்வுக்குக் கல்லே சான்றாக நிற்பதைக் காட்டியது. அறிந்த கண் படும்வரை கல் வெறுங்கல்லாகவே கிடக்கும். கண் படுமுன் அது உடைந்துபோனால், அதனுடன் ஒரு வரலாறும் போய்விடும். எத்தனை கற்கள் வாய்க்கால் கரைக்கும் வீட்டுப் படிக்கட்டுக்கும் போயினவோ, எவரும் கணக்கிட இயலாது.

வடிவம் எண்ணாகும் விதம்

பொருளின் வடிவத்தைக் கணினி எண்களாகவே அறிகிறது. லேசர் வருடி, ஒளிக்கற்றை சென்று மீளும் முறையைக்கொண்டு பரப்பிலுள்ள ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் அளக்கிறது. விலைமிக்க அக்கருவி இல்லாதபோது கைப்பேசியும் உதவும். ஒன்றன்மேல் ஒன்று பெருமளவு படியுமாறு, பொருளைச் சுற்றிலும் பல ஒளிப்படங்கள் எடுக்கப்படுகின்றன. ஒரே புள்ளி வெவ்வேறு படங்களில் எங்கெங்குத் தோன்றுகிறது என்பதை ஒப்பிட்டு, அப்புள்ளியின் இடத்தைக் கணினி கணக்கிடுகிறது. இவ்வாறு கிடைக்கும் புள்ளித்திரளைச் சிறுசிறு முக்கோணங்களால் இணைத்தால், பொருளின் மேல் போர்த்திய வலைபோல் அதன் வடிவம் உருவாகிறது. இவ்வலையைச் சீர்செய்யவும், சுருக்கவும், ஒப்பிடவும், அதன் துளைகளை அடைக்கவும் வழிகாணும் துறையே எண்ணிம வடிவவியல்.

இதனால் விளையும் பயன் பெரிது. கல்லை நேர்வெயிலில் பார்த்தால் தெரியாத கீறல், சாய்ந்த ஒளியில் நிழலிட்டுத் தோன்றும். கணினியிலுள்ள கல்லின்மீது எந்தத் திசையிலிருந்தும் ஒளியைப் பாய்ச்சலாம். கல்லின் பொதுவான மேடுபள்ளத்தைக் கணக்கிட்டு நீக்கிவிட்டு, உளி பதித்த நுண்ணிய பள்ளங்களை மட்டும் எடுத்துக்காட்டலாம். கல்லைத் தொடாமல், தேய்க்காமல், மை பூசாமல் இவ்வளவும் செய்ய முடியும்.

நல்ல தரவு எது?

ஆயினும், எடுத்த படியெல்லாம் பயன்படும் படியாகிவிடாது. இதற்கு ஒரு முயல் சான்றாகும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1994ஆம் ஆண்டு கிரெக் டர்க், மார்க் லெவோய் ஆகிய இருவரும் சுட்ட மண்ணாலான ஒரு முயல் பொம்மையை வருடி, 69,451 முக்கோணங்கள் கொண்ட வடிவமாக வெளியிட்டனர். அதனை எவரும் பெறலாம் என்பதால், உலகெங்கும் வடிவவியல் ஆய்வாளர்கள் தங்கள் நெறிமுறைகளை அந்த முயலின்மீது சோதித்துப் பார்த்தனர். ஒரே பொருளின்மீது அனைவரும் சோதித்ததால், எவருடைய முறை சிறந்தது என்பதை ஒப்பிட முடிந்தது. முயலின் அடிப்பகுதியில் சில துளைகள் இருந்தன. அவற்றை மறைக்காமல் வெளியிட்டதால், துளையடைக்கும் முறைகளைச் சோதிக்கவும் அதுவே பயன்பட்டது. குறையை ஒளிக்காத தரவு குறையாலும் பயன்தரும்.

முப்பரிமாண அச்சுக்காகப் பொதுவெளியில் பகிரப்பட்ட பத்தாயிரம் வடிவங்களை ஆய்வாளர்கள் திரட்டி, 2016ஆம் ஆண்டு 'திங்கி10கே' என்னும் தொகுப்பாக வெளியிட்டனர். அவற்றுள் ஏறத்தாழப் பாதி, முழுமையான திண்ம உருவாக அமையாதவை. பலவற்றில் பரப்புகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கிடந்தன. திரையில் அழகாகத் தோன்றிய வடிவங்கள் அளவெடுக்கும்போது பிழைபட்டன. கண்ணுக்கு நன்றாகத் தோன்றுவது வேறு. கணக்குக்கு நன்றாக நிற்பது வேறு.

ஆகவே நல்ல வடிவத் தரவுக்குச் சில பண்புகள் இன்றியமையாதவை. பொருளின் உண்மை அளவு தெரியுமாறு அளவுகோல் வைத்து எடுத்திருக்க வேண்டும். எப்போது, எக்கருவியால், எம்முறையில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு உடனிருக்க வேண்டும். திருத்திய வடிவத்துடன் மூல ஒளிப்படங்களையும் காக்க வேண்டும். நாளை இன்னும் சிறந்த நெறிமுறை வரும்போது அவற்றிலிருந்தே இன்னும் தெளிவான வடிவத்தைப் பெறலாம். கணினி ஊகித்து நிரப்பிய பகுதி எது, அளந்து பெற்ற பகுதி எது என்பதையும் பிரித்துக் காட்ட வேண்டும். சுவடிப் பதிப்பாசிரியர் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் தருவதும் இந்த நேர்மையே.

பூட்டிய படியும் பகிர்ந்த படியும்

நன்றாக எடுத்த படியும் பூட்டிவைத்தால் பயன்படாது. உ.வே. சாமிநாதர் பல இடங்களிலிருந்து சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டதாலேயே 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணி அச்சேறியது. சுவடி வைத்திருந்தோர் அனைவரும் அவற்றைப் பரணிலேயே வைத்திருந்தால் ஒப்பீடு ஏது? பதிப்பு ஏது? 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890ஆம் ஆண்டு வெளிவந்தது. அவ்வரிசையில் கல்வெட்டு வாசகங்கள் அச்சாகிப் பொதுவுடைமை ஆனதால்தான், ஊர் ஊராகச் சென்று கல்லைக் காண இயலாதவர்களும் சோழர் வரலாற்றை ஆராய முடிந்தது. மறுபுறம், தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் மைசூரில் இருந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவருமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021ஆம் ஆண்டு ஆணையிட வேண்டியதாயிற்று. படி இருப்பது மட்டும் போதாது. அது படிப்பவர் கைக்கெட்ட வேண்டும்.

பகிர்வின் பயனுக்கு வைகைக்கரையே அண்மைச் சான்றையும் தருகிறது. கீழடியை அடுத்த கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரு மண்டையோடுகளின் முப்பரிமாணத் தரவைக்கொண்டு, அம்மனிதர்களின் முகங்கள் 2025ஆம் ஆண்டு மீட்டுருவாக்கப்பட்டன. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக முக ஆய்வகமும் இப்பணியில் இணைந்தன. ஒரு நாட்டு மண்ணில் கிடைத்த வடிவம், மற்றொரு நாட்டு வல்லுநரின் அறிவோடு சேர்ந்ததால் விளைந்த பயன் இது.

பதிவு காவலாகவும் அமையும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ஆம் ஆண்டு விலைக்கு வாங்கியிருந்தது. அது 2014ஆம் ஆண்டு இந்தியாவுக்குத் திரும்பியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்துவைத்திருந்த ஒளிப்படங்கள் அத்திருமேனியை அடையாளங்காணச் சான்றாயின. ஒளிப்படமே இவ்வளவு உதவுமெனில், ஒவ்வொரு வளைவையும் வடுவையும் அளந்த வடிவப் பதிவு எத்துணை வலிய சான்றாகும்!

தொகுப்பில் இல்லாத ஆட்டுக்கல்

இதில் மற்றொன்றும் எண்ணத்தக்கது. 2015ஆம் ஆண்டு வெளியான 'ஷேப்நெட்' என்னும் புகழ்பெற்ற தொகுப்பின் மையப்பகுதியில் 55 வகைப் பொருள்களின் வடிவங்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல் உள்ளன. நாற்காலி, மேசை, மகிழுந்து, வானூர்தி ஆகியவற்றோடு மேலைநாட்டு வீட்டு வாசலில் நிற்கும் அஞ்சற்பெட்டியும் அவற்றுள் ஒரு வகை. அம்மியோ, ஆட்டுக்கல்லோ, குத்துவிளக்கோ, நடுகல்லோ அங்கு ஒரு வகையாக இடம்பெறவில்லை. இத்தகைய தொகுப்புகளைக்கொண்டே வடிவங்களை இனங்காணக் கணினி பயிற்றப்படுகிறது. காட்டாத பொருளைக் கணினி அறியாது. தொகுத்தவர் மேல் குறை கூறிப் பயனில்லை; அவர்கள் தங்களுக்குக் கிடைத்ததைத் தொகுத்தார்கள். தமிழர் தம் பொருள்களின் வடிவங்களைத் தாமே நன்கு அளந்து அளிக்காதவரை, நாளைய கணினிக்கு ஆட்டுக்கல் பெயரற்ற ஒரு பாறைத்துண்டாகவே தோன்றும்.

மறுப்புகளும் விடைகளும்

வடிவத் தரவைப் பகிர்வதற்கு எதிராகக் கூறப்படும் காரணங்களைப் புறக்கணித்தல் முறையன்று. வழிபாட்டிலுள்ள திருமேனியை எவரும் அச்சிட்டு விற்கலாம் என்ற நிலை, அதனைத் தொழுவோரின் உள்ளத்தைப் புண்படுத்தும். கல் இருக்கும் இடத்தைத் துல்லியமாக வெளியிடுவது கள்வருக்கு வழிகாட்டுவதாகும். இவ்விரண்டு அச்சங்களும் நியாயமானவை.

ஆனால் பகிர்தல் என்பது வரைமுறையின்றி வாரியிறைத்தல் ஆகாது. இத்தாலியின் புளோரன்சு நகரிலுள்ள, 5 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடைய தாவீது சிலையை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டு ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் நுட்பத்தில் வருடினர். அத்தரவு, வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்னும் உடன்பாட்டின்பேரில் ஆய்வாளர்களுக்கு வழங்கப்பட்டது. அதுபோல, இங்கும் ஊராரின் இசைவு பெற்றே பதிவுசெய்யலாம். வழிபடு திருமேனிகளின் தரவை ஆய்வுக்கும் காவலுக்கும் மட்டுமே என வரையறுக்கலாம். இடக்குறிப்பை வட்டம் அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அம்மி, உரல், ஏர் போன்ற புழங்குபொருள்களைத் தடையின்றி அனைவருக்கும் வழங்கலாம். எதை யாருக்குத் திறப்பது என்று தீர்மானிப்பது அறிவுடைமை; எதையும் எவருக்கும் திறக்காதிருப்பது அறிவுடைமை ஆகாது.

இவற்றைவிடக் கடுமையான மறுப்பு வேறொன்று உண்டு. 'படி எடுத்தாயிற்று, இனிக் கல் போனால் என்ன?' என்னும் மெத்தனம் தோன்றக்கூடும் என்பதே அது. பாரிசு நகரத்து நோத்ருதாம் பேராலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றறிஞர் 2010ஆம் ஆண்டு லேசரால் அளந்திருந்தார். 2019 ஏப்ரலில் அதன் கூரை தீக்கிரையானபின், மீட்டுக்கட்டும் பணிக்கு அவ்வளவைகளும் துணைநின்றன. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. ஆயினும் எரிந்த பழம்பெரும் உத்தரங்கள் மீளவில்லை. அந்த இடத்தில் நிற்பவை புதிய மரங்களே. கல்லின் மண்ணையும் அகவையையும் கல்லே சொல்லும், படி சொல்லாது. ஆகையால் படியெடுத்தல் காத்தலுக்குத் துணையே தவிர, காத்தலுக்கு மாற்றாகாது.

மாணவி செய்யத்தக்கது

இனி, ஜெயமங்கலத்து வயல்வரப்பில் நிற்கும் மாணவியிடம் திரும்பலாம். அவள் கல்லை நகர்த்தலாகாது, கழுவிச் சுரண்டலாகாது, எழுத்துத் தெரியவேண்டிச் சுண்ணாம்பு பூசலாகாது. நிலத்துக்கு உரியவரிடம் கேட்டு, கல்லருகே ஓர் அளவுகோலை வைத்து, வெயில் தணிந்த பொழுதில் சுற்றிலும் ஒளிப்படங்கள் எடுக்கலாம். நாள், இடம், முதியோர் அக்கல்லை அழைக்கும் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். பின்னர் ஆசிரியர் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம். அது நடுகல்லாக இல்லாமல் வெறும் எல்லைக்கல்லாகவே இருந்தாலும் உழைப்பு வீணாகாது. அவள் கற்ற முறை அடுத்த கல்லுக்கு உதவும்.

மாணவி செய்வது இவ்வளவு எனில், எடுத்த படிகளைத் தரம் பார்த்து, ஒழுங்குபடுத்தி, உரிய வரையறைகளோடு அனைவருக்கும் கிட்டச்செய்யும் பொதுக்களஞ்சியத்தைப் பேணுவது அரசும் பல்கலைக்கழகங்களும் ஏற்கவேண்டிய கடமை. பொதுப்பணத்தில் எடுத்த படி பொதுமக்களுக்கு உரியது என்பதே அதன் முதல் விதியாக அமைய வேண்டும்.

'படி' என்னும் சொல்லுக்குத் தமிழில் அளவு, நகல், கற்றல் எனப் பல பொருள்கள் உண்டு. அளந்து, நகலெடுத்து, கற்பவர் கையில் சேர்த்தால் மூன்று பொருளும் ஒன்றுகூடும். இவற்றுள் இறுதியானது நிகழாதபோது, முன்னைய இரண்டும் பரணில் கிடந்து செல்லரித்த ஏட்டின் கதையாகவே முடியும்.