வீதியும் வாகனமும்: நாலு சில்லும் இழுக்கும் வாகனம்

குயின்ஸ்லாந்தின் உட்பகுதி ஊரொன்றில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலைசெய்யும் சகோதரர் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர் கொண்ட குடும்பம். இரண்டு வருடமாக மிச்சம் பிடித்த காசில் பாவித்த ‘ஃபோர் வீல்’ வாகனம் ஒன்று வாங்கப் போகிறாராம். வேலைத்தலத்தில் எல்லோரிடமும் உயர்த்திக் கட்டிய வாகனங்கள்தான். முன்னால் இரும்புச் சட்டம், கூரையிற் கூடாரம், வரிசையாக விளக்குகள். “நானும் இப்படி மாற்றுவதென்றால் எதை முதலிற் பூட்ட வேண்டும்?” என்று கேட்கிறார். வேறு சிலரும் இதையே கேட்டிருப்பதால் இம்முறை முழுப் பக்கத்தையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

தம்பி, முதலில் ஒன்றையும் பூட்ட வேண்டாம். வாங்கிய கோலத்திலேயே ஆறு மாதம் ஓடிப் பாருங்கள். உங்களுக்கு உண்மையில் என்ன தேவை என்பதை அதற்குள் வாகனமே சொல்லிவிடும். கடைக்காரரிடம் கேட்டால் எல்லாமே தேவை என்றுதான் சொல்வார்.

லான்ட் றோவர் எம்மவருக்குப் புதிதல்ல. ஊரில் அரச திணைக்களங்களின் வாசலில் அது நிற்பதைப் பார்த்தவர்கள் எம்மிடையே பலர். 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அறிமுகமான வாகனம் அது. போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடாக இருந்ததால் மேற்தகடுகளை அலுமினியக் கலவையிற் செய்தார்கள். ரொயோட்டா நிறுவனம் 1951இல் செய்த ஜீப் வகை வாகனம் 1954இல் லான்ட் குறூசர் என்ற பெயரைப் பெற்றது. 1950களின் பிற்பகுதியில், ஸ்னோவி மலை நீர்மின் திட்டத்தில் வேலை எடுத்திருந்த ஒப்பந்தகாரரான லெஸ்லி தீஸ் அதை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார். 1949 முதல் 1974 வரை நடந்த அந்தத் திட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வேலை செய்தார்கள். போரில் வீடுவாசல் இழந்து ஐரோப்பாவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் அவர்களிற் பலர். ஆகவே இந்த வாகனங்களின் கதையில் எம்மைப் போன்றவர்களுக்கும் ஒரு பழைய பங்கு உண்டு.

இனி வாங்கும் விடயம். விற்பவர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழை நம்பி மட்டும் காசை நீட்ட வேண்டாம். பிறேக், ரயர், விளக்கு போன்றவை சரியா என்றுதான் அது சொல்லும். எஞ்சினின் ஆயுளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 2012 முதல் நடைமுறையிலுள்ள பி.பி.எஸ்.ஆர். என்னும் அரச பதிவேட்டில் வாகனத்தின் 17 எழுத்திலக்க ‘வின்’ எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். கட்டணம் 2 டொலர். அந்த வாகனத்தின்மேல் கடன் இருக்கிறதா, விபத்தில் முற்றாகச் சேதமடைந்ததாகப் பதியப்பட்டதா என்பது தெரிந்துவிடும். முன்னைய சொந்தக்காரரின் கடன் தீராமல் இருந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாகனத்தையே கடன் கொடுத்தவர் இழுத்துக்கொண்டு போகலாம். தகாற்றா காற்றுப்பைகளைத் திரும்பப் பெறும்படி 2018இல் அரசு கட்டாய உத்தரவு போட்டது. பழைய வாகனமென்றால் அந்த வேலை முடிந்ததா என்றும் கேளுங்கள்.

பிறகு சாரத்தைக் கட்டிக்கொண்டு வாகனத்தின் கீழே படுங்கள். வெட்கப்பட வேண்டாம். கடற்கரையில் ஓடிய வாகனத்தின் அடிச்சட்டத்தில் துரு படைபடையாக உரியும். புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். பின் அச்சின் நடுவே உருண்டையாக இருக்கும் டிபரன்சியலின் ஒயிலை மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த ரயர். பூ நன்றாக இருந்தாலும் வயதுபோன றப்பர் வெயிலில் வெடிக்கும்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் கடைக்குப் போகவும் மட்டும்தான் வாகனம் என்றால் புதிய வகை டீசல் வேண்டாம். அவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்றிருக்கிறது. நீண்ட தூரம் வேகமாக ஓடும்போதுதான் அந்தக் கரி எரிந்து தீரும். ஐந்து நிமிட ஓட்டங்களே தினமும் என்றால் அடைத்துக்கொள்ளும். திருத்தும் செலவு நெஞ்சை அடைக்கும்.

வாங்கிய பின்னர் கற்றுக்கொள்ள வேண்டியது கியர்ப் பொல்லுக்குப் பக்கத்திலிருக்கும் அந்தச் சின்னப் பொல்லு. புதியவற்றில் அது ஒரு திருகு. வாகனம் வளைவில் திரும்பும்போது நாலு சில்லும் நாலு வேறு தூரம் ஓடுகின்றன. இடது வலது வித்தியாசத்தை டிபரன்சியல் சமாளிக்கும். ஆனால் பல வாகனங்களில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே அப்படியொன்று இல்லை. நாலு சில்லு இழுவையைப் போட்டவுடன் இரண்டு அச்சும் ஒன்றாகப் பூட்டப்படும். மணலிலும் சேற்றிலும் சில்லு கொஞ்சம் வழுக்கி அந்த இறுக்கத்தை விட்டுவிடும். காய்ந்த தார் றோட்டில் வழுக்க இடமில்லை. ஸ்டியரிங் இறுகும், பற்சில்லுகள் முறுகும். ஆகவே தார் றோட்டில் இரண்டு சில்லு இழுவைதான். உங்கள் வாகனம் எந்த வகை என்பதைக் கைநூலில் பாருங்கள். ‘லோ றேஞ்ச்’ வேகத்துக்கல்ல. செங்குத்தான இறக்கத்தில் பிறேக்கை மிதியாமல் எஞ்சினே வாகனத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்குவதற்குத்தான் அது.

ஐம்பது அறுபது டொலருக்குள் அடங்கும் ஒரு பொருள் ஆயிரக்கணக்கான டொலர் மாற்றங்களை விடப் பெரிய வேலை செய்யும் என்றால் நம்புவீர்களா? ரயர்க் காற்றை அளக்கும் நல்ல மானியும், காற்றை இறக்கும் சின்னக் கருவியும்தான் அது. தார் றோட்டில் 36 பி.எஸ்.ஐ. வைத்திருக்கும் ரயரை மணலில் 18க்கு இறக்கினால் ரயர் நீளவாக்கில் தட்டையாகி நிலத்தில் பரந்து உட்காரும். பாரம் பரவும், சில்லு புதையாது. அப்படியும் புதைந்தால் 15 வரை இறக்கலாம். அதற்குக் கீழே போனால் வளைவில் ரயர் வளையத்தை விட்டுக் கழலக்கூடும். கிறவல் றோட்டில் 28 அளவில் வைத்தால் கல் குத்துவது குறையும், குலுக்கலும் குறையும். காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும். தார் றோட்டில் ஏறுமுன் திரும்ப அடிக்க வேண்டும். அதற்கொரு கொம்பிரசர் வாங்குங்கள். நீங்கள் வாங்கும் முதற் சாமான் அதுவாகவே இருக்கட்டும்.

இப்போது அந்த அலங்காரங்களுக்கு வருவோம். ஒவ்வொரு வாகனத்துக்கும் ஆட்களும் சாமானுமாக ஏற்றக்கூடிய மொத்த நிறைக்குச் சட்டப்படி எல்லை உண்டு. ஒரு கணக்குக்கு, உங்கள் வாகனம் 650 கிலோ தாங்கும் என்று வைப்போம். நீங்கள் 80, மனைவி 65, மாமி 60, பிள்ளைகள் 40உம் 30உம்; அதிலேயே 275 போய்விட்டது. உருக்குச் சட்டம் 60, இழுவை வின்ச் 35, கூரைச் சட்டகம் 30, கூடாரம் 60, பின்னால் இழுப்பறைகள் 60, உணவோடு குளிர்ப்பெட்டி 40, இரண்டாவது பற்றறி 25, தண்ணீர் 60 லீற்றர் என்றால் 60 கிலோ. கூட்டினால் 370. இரண்டும் சேர்த்து 645. மாமி கொண்டுவரும் அரிசிக்கும் சட்டிபானைக்கும் மிஞ்சியது 5 கிலோ! எல்லையை மீறினால் பொலிஸ் தண்டம் ஒருபுறம். விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கவும் கூடும்.

உயர்த்திக் கட்டுவது இன்னொரு வில்லங்கம். வாகனம் உயர்ந்தால் பாரமும் மேலே போகும். வளைவில் கவிழும் ஆபத்துக் கூடும். ஒரு மாநிலத்தில் விடும் உயரத்துக்கு இன்னொரு மாநிலத்தில் பொறியியலாளரின் சான்று கேட்பார்கள். எனவே உங்கள் மாநிலப் போக்குவரத்துத் திணைக்களத்திடம் கேட்ட பிறகே கை வைக்க வேண்டும். பெரிய ரயர் போட்டால், ஒரு சுற்றில் சில்லு கூடத் தூரம் போகும். ஆனால் வேகமானிக்கு அது தெரியாது. 100 என்று காட்டும்போது நீங்கள் 105இல் போய்க்கொண்டிருப்பீர்கள். கமராவுக்கு இந்த விளக்கம் எடுபடாது. எந்த மாற்றம் செய்தாலும் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, அவர்களின் பதிலையும் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் “பிரச்சினை இல்லை” என்று சொன்ன குரலைப் பிறகு தேடிப் பிடிக்க முடியாது.

முன் சட்டத்தை மட்டும் நான் அலங்காரம் என்று தள்ளமாட்டேன். விடியப்புறம் நாலு மணிக்கு வேலைக்குப் போகிறவர் நீங்கள். கங்காருக்கள் றோட்டுக்கு வருவது இரவிலும் விடியற் கருக்கலிலும் மாலைக் கருக்கலிலுந்தான். றேடியேற்றர் உடைந்தால் ஆளரவமற்ற றோட்டில் நிற்க வேண்டியதுதான். பூட்டுவதென்றால் உங்கள் வாகனத்தின் காற்றுப்பைக்குப் பொருந்தியதாகப் பாருங்கள். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கங்காரு குறுக்கே பாய்ந்தால் நேரே பிறேக்கைப் பிடியுங்கள், வெட்டித் திருப்ப வேண்டாம். மரத்தில் மோதுவதும் உருளுவதும் அந்தத் திருப்பலிலேதான்.

மலிவான மாற்றம் ஒன்றுண்டு, அதைச் செய்யுங்கள். ஓடிச் சூடான டிபரன்சியல் ஆற்றுத் தண்ணீரில் இறங்கியதும் திடீரென்று குளிர்ந்து, உள்ளேயிருக்கும் காற்றுச் சுருங்கும். வெளிக்காற்று வர வழியில்லாவிட்டால் சீல் ஊடாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதன் சுவாசக் குழாயை நீட்டி எஞ்சின் அறைக்குள் உயரமாகக் கட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது. இது சிறு ஓடைகளுக்குத்தான். வெள்ளம் பாயும் றோட்டில் எந்த வாகனத்தையும் இறக்கக்கூடாது. தண்ணீர் உள்ளே புகுமுன்னரே இரண்டு தொன் வாகனத்தையும் அது மிதக்கவிடும்.

விடுமுறைக்குப் பிள்ளைகளோடு கடற்கரை மணலில் ஓட ஆசைப்படுவீர்கள், போக வேண்டியதுதான். 2023இல் ஃபிரேசர் தீவு என்ற பெயர் மாறி க’காரி ஆன தீவுக்குப் போவதானால் முன்கூட்டியே வாகன அனுமதி எடுக்க வேண்டும். கடற்கரையில் உச்ச வேகம் 80, உள்வழிகளில் 30. கடல் ஏறி உச்சத்தில் நிற்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணித்தியாலம் கரையில் ஓடாமல் இருங்கள். மணலிற் புதைந்தால் முதலில் மண்வெட்டி, பிறகு காற்றை இன்னும் இறக்குவது, பிறகு சில்லுக்குக் கீழே பலகை. மற்றவரின் வாகனத்தால் இழுப்பது கடைசி வழி. அந்த நைலோன் பட்டி றப்பர் போல நீண்டு விசையைச் சேர்க்கும். ட்ரெயிலர் கொழுவும் குண்டில் அதை மாட்டக்கூடாது. குண்டு முறிந்து பீரங்கிக் குண்டாகப் பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கப்பலிற் கட்டுவதற்காக விட்ட வளையமும் உதவாது. நிறை குறிக்கப்பட்ட மீட்புக் கொளுக்கியில் மட்டும் மாட்டி, பட்டியின் நடுவே பாரத் துணியொன்றைப் போட்டு, பிள்ளைகளைப் பட்டியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு அப்பால் நிறுத்துங்கள்.

வீடு திரும்பிய அன்றே, எவ்வளவு களைப்பென்றாலும், நல்ல தண்ணீரால் அடிப்பாகம் முழுவதையும் கழுவுங்கள். தோட்டத்துக்கு நீர் தெளிக்கும் கருவியை வாகனத்தின் கீழே வைத்து அரை மணித்தியாலம் விட்டால் போதும். பிறகு ஒருமுறை முன்னும் பின்னும் நகர்த்தி மீண்டும் விடுங்கள்.

பிள்ளைகளின் ஆசனங்களை இவ்வகை வாகனங்களில் பூட்டும் முறையை அடுத்த இதழில் எழுதுவோம்.