பெட்டி இல்லாத டி.வி. வருகிறதா? பூட்டுக்குச் சாவி யார் கையில்?

(நமது நிருபர்)

"செட்டாப் பாக்ஸ் இனிமே தேவையே இல்லையாம். டி.வி.க்குள்ளேயே எல்லாம் வந்துடுமாம். ஒரு வயரைச் சொருகினா போதுமாம்!"

சென்னையில் டி.வி. கடைப் பக்கம் போனால் இப்படி ஒரு பேச்சு காதில் விழுகிறது. டீக்கடையிலும் இதே பேச்சு. புது டி.வி. வாங்க நினைப்பவர்கள், "இப்ப வாங்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?" என்று குழம்புகிறார்கள்.

இந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பிப் பெட்டியைத் தூக்கிப் போட்டால் சாயங்காலம் சீரியலும் வராது, கிரிக்கெட்டும் வராது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

பேச்சு கிளம்பியது எங்கே?

இந்தியத் தரநிலை அமைப்பான பி.ஐ.எஸ்., சாட்டிலைட் டியூனரை உள்ளேயே வைத்த டி.வி.க்கு ஒரு தரநிலையை உருவாக்கியது. அதன் எண் ஐ.எஸ். 18112:2022. இது பற்றிய அறிவிப்பு 2023 ஜனவரியில் வெளியானது. அந்தத் தரநிலைப்படி செய்த டி.வி.யை வாங்கி, மாடியிலோ பக்கச் சுவரிலோ டிஷ் வைத்து வயரை இணைத்தால், இலவச சேனல்களையும் ரேடியோவையும் பெட்டி இல்லாமலே பார்க்கலாம், கேட்கலாம்.

அறிவிப்பில் இருந்த முக்கியமான சொல் "இலவச சேனல்". வாய் மாறி வாய் வந்தபோது அந்தச் சொல் மட்டும் நடுவழியில் தொலைந்துவிட்டது. "எல்லா சேனலும் வரும்" என்று ஆகிவிட்டது.

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பெரிய டி.வி. பக்கம் ஜனங்களின் பார்வை திரும்ப இதுவும் ஒரு காரணம். "வாங்குறதுதான் வாங்குறோம், பெட்டி இல்லாத டி.வி.யா வாங்கிடலாமே" என்ற எண்ணம் வருவது நியாயம்தான்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

பூமிக்கு மேலே சுமார் 36 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் இருக்கிறது. அது அனுப்பும் சிக்னலை மாடியில் இருக்கும் டிஷ் வாங்கி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற கருவியில் குவிக்கிறது. எல்.என்.பி. அதை வயரில் போகும் அளவுக்குக் குறைத்துக் கீழே அனுப்புகிறது. அந்த வயர் வந்து சேரும் இடம்தான் பெட்டி.

பெட்டிக்கு மூன்று வேலை.

ஒன்று, வரும் சிக்னலில் வேண்டிய சேனலைப் பிடிப்பது. இது டியூனர் வேலை.

இரண்டு, சுருக்கி அனுப்பிய படத்தை விரித்துக் காட்டுவது.

மூன்று, பூட்டைத் திறப்பது. காசு கட்டியவருக்கு மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டண சேனல்களைப் பூட்டித்தான் அனுப்புகிறார்கள். சந்தா கட்டினால் கம்பெனி மேலிருந்து உத்தரவு அனுப்பும், பெட்டி பூட்டைத் திறக்கும். சந்தா முடிந்தால் திரும்பவும் பூட்டு!

முதல் இரண்டு வேலைகளையும் டி.வி.க்குள் வைப்பதில் கஷ்டமே இல்லை. சில மாடல் டி.வி.களில் இப்போதே இந்த டியூனர் இருக்கிறது. பலருக்கும் அது தெரியாது, அவ்வளவுதான். சிக்கல் எல்லாம் மூன்றாவது வேலையில்தான். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பூட்டு. ஒருவர் சாவி இன்னொருவர் பூட்டில் நுழையாது.

இலவசமாக வருவது எது?

உள்டியூனர் டி.வி.யில் வரப்போவது முக்கியமாக தூர்தர்ஷனின் டி.டி. ஃப்ரீ டிஷ் சேவை. 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை இது. மாதச் சந்தா கிடையாது. வடமாநில கிராமங்களில் இதற்கு அமோக வரவேற்பு. இந்தி சேனல்கள் அதில் குவிந்து கிடப்பதுதான் காரணம்.

நம்ம ஊர் கதை வேறு. சன் டி.வி., விஜய், ஜீ தமிழ் எல்லாம் கட்டண சேனல்கள். பூட்டு போட்டு வருபவை. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் ஆன அரசு சேனல் இலவசமாக வரும். அதை மட்டும் பார்த்துத் திருப்திப்படும் வீடு எத்தனை?

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஃப்ரீ டிஷ்ஷில் சில சேனல்கள் எம்பெக்-2 என்ற பழைய முறையிலும், சில எம்பெக்-4 என்ற புதிய முறையிலும் வருகின்றன. பழைய முறைக்குச் செய்த பெட்டியில் புதிய முறை சேனல் தெரியாது. ஆக, இலவசத்திலும் பெட்டி பழசாகும்.

சென்னை பட்ட பாடு

பெட்டி விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பட்ட அனுபவம் நிறைய.

2003 செப்டம்பர் 1-ந் தேதி 'காஸ்' என்ற முறை இங்கே நடைமுறைக்கு வந்தது. கட்டண சேனல் பார்க்கப் பெட்டி வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள். டெல்லி, மும்பை, கொல்கத்தாவில் திட்டம் தள்ளிப்போனது. மாட்டிக்கொண்டது சென்னை மட்டும்தான்! நேற்றுவரை வந்த சேனல் இன்று வரவில்லை. காசு போட்டுப் பெட்டி வாங்கியவர்கள் சிலர். இலவச சேனலே போதும் என்று இருந்துவிட்டவர்கள் பலர்.

அடுத்து 2012. நான்கு பெரு நகரங்களிலும் கேபிள் முழுக்க டிஜிட்டல் ஆக வேண்டும் என்று சட்டம். கெடு அக்டோபர் 31. சென்னையில் வழக்கு, கோர்ட்டு என்று இழுத்தது. முடிவில் திரும்பவும் பெட்டி.

2017-ல் அரசு கேபிள் டி.வி. நிறுவனம் இலவச செட்டாப் பாக்ஸ் கொடுக்க ஆரம்பித்தது. ஜனங்கள் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் 2022 நவம்பரில் அரசு கேபிள் இணைப்புகள் ஏராளமாகத் திடீரென்று நின்றன. மென்பொருள் கோளாறு என்று காரணம் சொல்லப்பட்டது. வீட்டில் பெட்டி பத்திரமாக இருந்தது, கரண்டு இருந்தது, வயர் இருந்தது. படம் மட்டும் இல்லை!

பெட்டி நம் வீட்டில் இருக்கலாம். சாவி நம் வீட்டில் இல்லை. அன்றைக்கு இது எல்லோருக்கும் புரிந்தது.

இந்த நிருபரின் வீட்டுப் பரணிலும் மூன்று பெட்டிகள் தூசி படிந்து கிடக்கின்றன. மூன்றும் கெட்டுப்போனவை அல்ல. கம்பெனி மாறியதால் செத்துப்போனவை. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்றாவது இருக்கும், ஏறிப் பாருங்கள்.

ஏட்டில் இருந்த விதி

"எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பெட்டி" என்பது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 2001 மார்ச்சில் மத்திய அரசு டி.டி.எச். விதிகளை வெளியிட்டபோதே, ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் சேவைக்கும் உதவும்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. அதற்காகப் பெட்டியில் ஒரு துளை வைத்தார்கள். கம்பெனி மாறினால் புது கம்பெனியின் 'காம்' என்ற கருவியை வாங்கி அந்தத் துளையில் சொருகினால் போதும் என்பது திட்டம்.

நடந்தது என்ன? அந்தக் கருவியின் விலை ஒரு புதுப் பெட்டி விலைக்குச் சமமாக நின்றது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! யார் வாங்குவார்கள்? விதி ஏட்டில் இருந்தது, துளை பெட்டியில் இருந்தது, பலன் யாருக்கும் இல்லை.

2020 ஏப்ரலில் டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மறுபடி இதைக் கையில் எடுத்தது. எல்லாப் பெட்டிகளும் கம்பெனி மாற்றிக்கொள்ளத் தோதாக இருக்க வேண்டும், டிஜிட்டல் டி.வி.களிலும் இதற்கென ஒரு பொது முனை வேண்டும் என்று பரிந்துரைத்தது. யு.எஸ்.பி. பென் டிரைவ் மாதிரி சின்னதாக ஒரு சாவியைச் சொருகிக்கொள்ளும் முறையும் அதில் சொல்லப்பட்டது. ஐரோப்பிய நாடுகளில் டி.வி.யில் இப்படிப் பொது முனை வைப்பது 2000-களிலேயே கட்டாயமாகிவிட்டது.

2025 பிப்ரவரியில் டிராய் கொடுத்த இன்னொரு பரிந்துரையிலும் இதே விஷயம் வந்தது. பொதுப் பெட்டிக்கும், உள்ளேயே பெட்டி வசதி கொண்ட டி.வி.க்கும் தரநிலை வகுக்கும் பொறுப்பை மத்திய அரசின் தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்திடம் கொடுக்கலாம் என்றது. இப்போதைய பேச்சுக்கு உரம் போட்டது இதுதான்.

பரிந்துரை வேறு, உத்தரவு வேறு. இதை மறக்கக் கூடாது.

செல்போனில் இது நடக்கவில்லையா? 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நம்பர் மாறாமலே கம்பெனி மாறலாம் என்று ஆனது. போன் அதே போன், சிம் மட்டும் வேறு. டி.வி.க்கு மட்டும் ஏன் இந்த வம்பு என்று ஜனங்கள் கேட்பதில் தப்பில்லை.

கம்பெனிகள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. பெட்டியை அடக்க விலைக்கும் குறைத்துத் தருகிறோம், நாளைக்கே ஆள் மாறிப்போனால் அந்த நஷ்டம் யாருக்கு என்பது அவர்கள் கேள்வி. பூட்டைப் பொதுவாக்கினால் திருட்டு அதிகமாகும் என்பது இன்னொரு வாதம். தவிர, ஒவ்வொரு கம்பெனிக்கும் செயற்கைக்கோள் இருக்கும் திசை வேறு. பெட்டி பொதுவானாலும், மாடி ஏறி டிஷ்ஷைத் திருப்பி வைக்க ஆள் வந்தாக வேண்டும்.

கம்பெனிகள் கண் எங்கே?

டி.டி.எச். தொழிலே இறங்குமுகத்தில் இருக்கிறது. டிராய் கணக்குப்படி, 2021-ல் கட்டண டி.டி.எச். சந்தாதாரர்கள் ஏழு கோடியை நெருங்கி இருந்தார்கள். 2025-ல் அது ஆறு கோடிக்குக் கீழே வந்துவிட்டது. ஒரு பக்கம் இலவச டிஷ், இன்னொரு பக்கம் இன்டர்நெட் வழி சினிமா, சீரியல். ஏர்டெல், டாடா பிளே டி.டி.எச். தொழில்களை இணைக்க நடந்த பேச்சும் 2025 மே மாதம் முறிந்தது.

இப்படி ஆள் குறையும் நேரத்தில், இருக்கிறவரை எளிதாக வெளியே போக விடும் பொதுப் பெட்டியை எந்தக் கம்பெனி ஆசையாகச் செய்யும்? அவர்கள் பணம் போடுவது கலப்புப் பெட்டியில். டிஷ் வயரும் அதில், இன்டர்நெட்டும் அதில், ஆண்ட்ராய்டும் அதில். பெட்டி ஒழியாது. பெட்டி இன்னும் கெட்டிக்காரப் பெட்டியாக மாறுகிறது.

நடக்கப் போவது என்ன?

நமது கணிப்பு இது:-

உள்டியூனர் டி.வி. மெல்ல மெல்லப் பெருகும். அதில் இலவச சேனல் வரும். கட்டண சேனல், பொதுச் சாவி முனை கட்டாயமாகும்வரை வராது.

பொதுப் பெட்டிக்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் பெரிதாக இல்லை. தடை வியாபாரத்தில் இருக்கிறது. அரசு பரிந்துரையை உத்தரவாக்கி, சாவியின் விலைக்கும் ஒரு வரம்பு கட்டினால் ஒழிய, 2001 விதியின் கதைதான் திரும்பவும் நடக்கும்.

கடைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

புது டி.வி. வாங்கப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள்.

"சாட்டிலைட் டியூனர் உள்ளே இருக்கா?" டி.வி.யின் பின்பக்கம் சாட்டிலைட் என்று எழுதிய முனை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ரிமோட்டில் மெனுவையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

"கட்டண சேனல் வருமா?" "வரும் சார்" என்று சொன்னால், கடையிலேயே வயரை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

"இந்த வசதிக்காக எவ்வளவு கூடுதல் விலை?" ஒன்றும் இல்லை என்றால் நல்லது, வாங்குங்கள். வரப்போகும் அதிசயத்தைச் சொல்லி ஆயிரம், இரண்டாயிரம் ஏற்றினால் அடுத்த கடை பாருங்கள்.

புதுப் பெட்டி வாங்குகிறவர்கள், அது சொந்தமா, வாடகையா என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். விட்டுப்போகும்போது முன்பணம் திரும்ப வருமா என்றும் கேளுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம்.

வீட்டில் இருக்கும் பெட்டியை மட்டும் இப்போதைக்குத் தூக்கிப் போட வேண்டாம். டி.வி.க்குள் பெட்டி போகும் காலம் வரலாம். சாவி நம் கைக்கு வரும் காலம் வந்தால்தான் ஜனங்களுக்கு விடிவு.

அதுவரை பரணில் நான்காவது பெட்டி ஏறாமல் பார்த்துக்கொள்வது அவரவர் சாமர்த்தியம்!