கம்ப்யூட்டரில் படம் போடக் கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?

கல்யாணப் பத்திரிகை, கடை திறப்பு விழா நோட்டீஸ், தேர்தல் சுவரொட்டி, மிட்டாய் டப்பாவின் மேல் உறை. இவை எல்லாம் இன்று எங்கே பிறக்கின்றன?

கம்ப்யூட்டரில்தான்!

முன்பு அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கிக் கோர்ப்பார்கள். படத்துக்குத் தனியாக "பிளாக்" செய்ய வேண்டும். இன்று எழுத்து, படம், வண்ணம் மூன்றையும் ஒருவரே உட்கார்ந்த இடத்தில் செய்து முடிக்கிறார்.

சிவகாசியின் பெரிய அச்சகம் முதல் சின்ன ஊரின் ஜெராக்ஸ் கடை வரை, இந்தத் தொழில் தெரிந்தவருக்கு வேலை உண்டு. "நம் பிள்ளையும் இதைக் கற்றால் என்ன?" என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள்.

2025 மார்ச் மாதம் தமிழக அரசின் பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தரப்படும் என்பது அந்த அறிவிப்பு.

கருவி வீட்டுக்கு வரும். அடுத்தது என்ன? எதைப் பார்த்துக் கற்பது? அதற்கு எவ்வளவு செலவு செய்வது?

ஒரு குடும்பம்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்குப் படம் போடுவதில் ஆசை.

அப்பா சிறுகச் சிறுக மிச்சம் பிடித்தார். பழைய புத்தகக் கடைக்குப் போனார். தடியான புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். வழவழப்பான அட்டை; 800 பக்கம்.

மகள் ஆவலோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். புத்தகத்தில் இருக்கும் படம் வேறு. திரையில் தெரிவது வேறு! புத்தகம் சொல்லும் பொத்தானைக் காணோம். இரண்டு நாள் தேடினாள்.

"எனக்கு இது வராது போலிருக்கிறது, அப்பா" என்று மூடி வைத்துவிட்டாள்.

தவறு யாருடையது? மகளுடையது அல்ல. புத்தகம் பழையது. அதுதான் விஷயம். ஆனால் அது அவளுக்குத் தெரியாது. பணமும் போயிற்று, பெண்ணின் தைரியமும் போயிற்று.

இந்த நஷ்டம் வராமல் தடுக்க முடியுமா? முடியும்.

ஏன் பழசாகிறது?

பழைய அரிசிக்கு மதிப்பு அதிகம். ஆனால் கம்ப்யூட்டர் புத்தகம் அப்படி அல்ல. காரணம் என்ன?

கம்ப்யூட்டரை வேலை செய்ய வைப்பது மென்பொருள். அது அடிக்கடி மாறுகிறது. அச்சான புத்தகம் மாறாது.

பக்கங்களை அமைக்கும் "பேஜ்மேக்கர்" என்ற மென்பொருள் 1985-ல் அமெரிக்காவில் வந்தது. தமிழ்நாட்டில் டி.டி.பி. படித்த ஒரு தலைமுறை இதைத்தான் கற்றது. இதன் 7-வது பதிப்பு 2001-ல் வந்தது. அதுவே கடைசி. அதன் பிறகு புதுப் பதிப்பு இல்லை.

புகைப்படங்களைத் திருத்தும் "போட்டோஷாப்" 1990-ல் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கியவர்கள் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பிகள். அதை விற்ற அடோபி கம்பெனி, முதலில் ஒரு தடவை விலை வாங்கிக்கொண்டு கொடுத்தது.

2013-ல் முறை மாறியது. புதுப் பதிப்பு வேண்டுமானால் சொந்தமாக வாங்க முடியாது. வாடகைதான் கட்ட வேண்டும். வாடகை நின்றால் மென்பொருளும் நின்றுவிடும். ஆண்டு முழுவதும் அதில் மாற்றங்களும் வந்துகொண்டே இருக்கின்றன.

இன்னொரு உதாரணம் பாருங்கள். "அபினிட்டி" என்று மூன்று மென்பொருள்கள் விற்பனையில் இருந்தன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கான்வா கம்பெனி 2024-ல் அவற்றை விலைக்கு வாங்கியது. 2025 அக்டோபர் 30 அன்று மூன்றையும் ஒன்றாக்கி, இலவசம் என்று அறிவித்தது. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. தீபாவளிக்குப் புத்தகம் வாங்கியவருக்குப் பத்தே நாளில் அது பழசாகிவிட்டது!

முதலில் மென்பொருள்

ஆகவே புத்தகக் கடைக்குப் போகும் முன் மென்பொருளை முடிவு செய்ய வேண்டும். வரன் நிச்சயம் ஆகாமல் யாராவது பத்திரிகை அடிப்பார்களா?

வாடகை கட்ட வசதி இல்லாதவர்களுக்கு இலவச மென்பொருள்கள் உண்டு. புகைப்படம் திருத்த "கிம்ப்". இதை 1995-ல் அமெரிக்காவில் பெர்க்லி சர்வகலாசாலை மாணவர்கள் இருவர் எழுதத் தொடங்கினார்கள். கோட்டுச் சித்திரம், முத்திரைப் படம் வரைய "இங்க்ஸ்கேப்". இது 2003-ல் தொடங்கியது. பத்திரிகைப் பக்கம் அமைக்க "ஸ்கிரைபஸ்".

இவை திருட்டுப் பிரதிகள் அல்ல. யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று செய்தவர்களே அனுமதி தந்தவை. திருட்டுப் பிரதியை இறக்கினால் அதோடு வைரசும் வரக்கூடும். அது வேண்டாத வம்பு.

இந்த இலவச மென்பொருள்களுக்குப் பாடமும் இலவசம். கிம்ப் கையேட்டை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். இங்க்ஸ்கேப்பில் "ஹெல்ப்" என்ற இடத்தைத் திறந்தால் பாடங்கள் உள்ளேயே இருக்கின்றன. படித்துக்கொண்டே அதே பக்கத்தில் வரைந்து பழகலாம். மென்பொருள் மாறும்போது கையேட்டையும் புதுப்பிக்கிறார்கள்.

அச்சகத்தில் போட்டோஷாப், கோரல்டிரா கேட்கிறார்களே என்று சிலர் கவலைப்படலாம். நியாயமான கவலைதான். ஆனால் ஒரு சைக்கிளில் பழகியவர் இன்னொரு சைக்கிளை ஓட்ட மாட்டாரா? சில வாரம் தடுமாறுவார். பிறகு ஓட்டுவார்.

எது பழசாகாது?

மென்பொருளின் பொத்தான்கள் இடம் மாறுகின்றன. ஆனால் சில விஷயங்கள் மாறுவதில்லை.

ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தைக் கண்ணாடித் தாள் போல அடுக்கும் முறை போட்டோஷாப்பில் 1994-ல் வந்தது. இன்றும் அதே முறைதான். வளைகோடு போடும் பேனாக் கருவி 1987-ல் வந்த "இல்லஸ்டிரேட்டர்" மென்பொருளில் இருந்தது. இன்றும் இருக்கிறது.

அச்சு வேலையின் கணக்கும் மாறவில்லை. திரையில் வண்ணம் தருவது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளி. காகிதத்தில் வண்ணம் தருவது சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை. திரையில் பளிச்சென்று இருந்த பச்சை, அச்சில் மங்கிப் போவது இதனால்தான். நான்கு மைக்கு ஏற்ப வேலையை முடித்துத் தர ஸ்கிரைபஸில் வசதி உண்டு.

நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 1,200 புள்ளி அகலமுள்ள படம் 4 அங்குலம் வரை தெளிவாக அச்சாகும். அதையே பெரிதாக இழுத்தால் கலங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அழகாக அமைக்கும் விதி இருக்கிறது. அமெரிக்காவில் ராபின் வில்லியம்ஸ் என்ற பெண்மணி 1994-ல் "தி நான் டிசைனர்ஸ் டிசைன் புக்" என்ற புத்தகம் எழுதினார். அதில் நான்கே விதிகள். ஒரு கல்யாணப் பத்திரிகையை வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும்.

ஒன்று: சேர வேண்டியவை சேர்ந்து இருக்க வேண்டும். நாள், நேரம், மண்டபம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும்.

இரண்டு: எழுத்துகள் ஒரே ஓரத்தில் வரிசையாக நிற்க வேண்டும்.

மூன்று: ஒரே வண்ணமும் ஒரே எழுத்து வகையும் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஒரு பத்திரிகையில் ஏழு வகை எழுத்து கூடாது.

நான்கு: பெரியது நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும். மணமக்கள் பெயரும் மண்டபத்தின் விலாசமும் ஒரே அளவில் இருந்தால் கண் எதைப் பார்க்கும்?

இந்த நான்கும் எந்த மென்பொருளுக்கும் பொருந்தும். ஆகவே காசு கொடுப்பதானால் இப்படி அடிப்படை சொல்லும் புத்தகத்துக்குக் கொடுக்கலாம். பத்து வருஷம் ஆனாலும் பயன்படும். பொத்தான்களைச் சொல்லும் புத்தகத்தை நூலகத்தில் எடுத்துப் படித்தால் போதும்.

ஐந்து சோதனை

மென்பொருள் புத்தகத்தையும் வாங்கத்தான் வேண்டுமா? அப்படியானால் இந்த ஐந்தையும் பார்த்து வாங்குங்கள்.

1. அட்டையில் மென்பொருளின் பெயருக்குப் பக்கத்தில் பதிப்பின் எண்ணோ ஆண்டோ இருக்கும். அது உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா? வீட்டில் இருப்பது பழைய பதிப்பு என்றால், அதே காலத்துப் பழைய புத்தகம்தான் சரி. அதைப் பாதி விலைக்குக் கேட்கலாம்.

2. உள்ளே படங்கள் வண்ணத்தில் இருக்கின்றனவா? சில மலிவுப் பதிப்புகளில் படம் எல்லாம் கறுப்பு வெள்ளை. வண்ணப் பாடத்தைக் கறுப்பு வெள்ளையில் எப்படிப் படிப்பது?

3. பயிற்சிக்கு வேண்டிய படங்களை எப்படிப் பெறுவது என்று எழுதியிருக்கிறதா? பழைய புத்தகம் என்றால், உள்ளே இருந்த குறுந்தகடு இன்னும் இருக்கிறதா?

4. நான்கு மை, அச்சுக்கு அனுப்பும் முறை இரண்டுக்கும் தனிப் பாடம் உண்டா? அச்சகத்தில் வேலை செய்ய விரும்புகிறவருக்கு இது மிக முக்கியம்.

5. தமிழ்ப் புத்தகம் என்றால், திரையில் தெரியும் ஆங்கிலப் பெயர்களை அப்படியே சொல்கிறதா? எல்லாப் பெயரையும் தமிழாக்கி, திரைப் பெயரைச் சொல்லாமல் விட்டால் படிப்பவர் திண்டாட வேண்டியதுதான்.

தமிழ் எழுத்துச் சிக்கல்

நம்மவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. யூனிகோடு என்பது உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான எண் முறை. 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்றது.

அதற்கு முன்பு எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒரு கடையில் அடித்த தமிழை இன்னொரு கடையில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். சில அச்சகங்களில் அந்த எழுத்துருக்கள் இன்றும் புழங்குகின்றன. வேலைக்குப் போன இடத்தில் அதைக் கற்றுக்கொள்ளலாம். புதிதாகக் கற்கிறவர் யூனிகோட்டில் தொடங்குவதே நல்லது.

பக்கம் அமைக்கும் "இன்டிசைன்" மென்பொருளில் தமிழ் அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்பது உண்டு. பயப்பட வேண்டாம். பத்தி அமைப்பில் "வேர்ல்டு ரெடி" என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இந்த ஒரு வரி இல்லாத ஆங்கிலப் புத்தகம் தமிழ் வேலைக்குப் பாதிப் புத்தகம்தான்.

எங்கே மலிவு?

முதல் இடம் நூலகம். பொது நூலகத்துக்கு 1948-லேயே சட்டம் கண்ட மாநிலம் இது. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-லும், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-லும் திறக்கப்பட்டன. இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி கன்னிமரா நூலகத்துக்கும் வர வேண்டும் என்று 1954-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

அங்கே போய் ஒரே ஒரு பாடத்தைக் குறிப்பு எடுங்கள். வீட்டில் செய்து பாருங்கள். யாரையும் கேட்காமல் முடிந்ததா? அந்தப் புத்தகம் உங்களுக்கு ஏற்றது.

சென்னைப் புத்தகக் காட்சியில் வழக்கமாக 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோட்டின் பழைய புத்தகக் கடைகளிலும் தேடலாம். வெளிநாட்டுப் புத்தகங்கள் சில, இந்தியாவில் மட்டும் விற்பதற்காகக் குறைந்த விலையில் அச்சாகின்றன. கடைக்காரரிடம் அந்தப் பதிப்பைக் கேளுங்கள்.

இயந்திரமே படம் போடுகிறதே!

"வாயால் சொன்னாலே கம்ப்யூட்டர் படம் போடுகிறது. இனி எதற்குப் படிப்பு?" என்று சிலர் கேட்கிறார்கள்.

2023-ல் போட்டோஷாப்பிலேயே அந்த வசதி வந்துவிட்டது. உண்மைதான். ஆனால் இயந்திரம் பத்துப் படம் போட்டுத் தந்தால், அதில் எது நல்லது என்று சொல்ல ஆள் வேண்டும். மண்டபத்தின் பெயர் சரியா, வண்ணம் அச்சில் நிற்குமா என்று பார்க்க ஆள் வேண்டும். அந்தக் கண், அடிப்படை கற்றவருக்குத்தான் வரும்.

ஆட்டோ ஓட்டும் அப்பாவிடம் திரும்புவோம். அவர் மறுபடியும் பணம் சேர்க்க வேண்டுமா? வேண்டியதில்லை. இலவச மென்பொருள் ஒன்று, நூலகச் சீட்டு ஒன்று, அடிப்படை சொல்லும் மெல்லிய புத்தகம் ஒன்று. இவ்வளவு போதும்.

மகள் முதல் வேலையாக வீட்டு விசேஷத்துக்கு ஒரு பத்திரிகை அமைத்துப் பார்க்கட்டும். அது நன்றாக வந்தால் போன தைரியம் தானே திரும்பி வரும்!