அத்தைமார் இல்லாத வீடு



தகப்பனின் சகோதரியை நாம் அத்தை என்கிறோம். தாயின் சகோதரியை வயதறிந்து பெரியம்மா என்றும் சித்தி என்றும் அழைக்கிறோம். இத்தாலிய மொழியிலோ இவர்கள் அனைவருக்கும் 'ஸீயா' என்ற ஒரே சொல்தான். மாமன் மனைவியும் ஸீயாவே. சொல் ஒன்றாயினும் அது சுமந்த பொறுப்புகள் பல.

பிள்ளைகள் பலர் பிறந்த இத்தாலியக் குடும்பங்களில், திருமணமாகாத சகோதரி ஒருத்தி பிறந்த வீட்டிலேயே தங்கிவிடுவது முற்காலத்தில் அரிதன்று. வயது முதிர்ந்த பெற்றோரை அவள் பேணினாள். சகோதரரின் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். 1876 முதல் 1915 வரை ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர் பிழைப்பைத் தேடி இத்தாலியை விட்டுப் புறப்பட்டார்கள். அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் அண்ணன் தம்பிமார் கப்பலேறிய வீடுகளில், குடும்பம் சிதறிப்போகாமல் காத்தவர்கள் பெரும்பாலும் பின்தங்கிய பெண்களே. சொந்த ஊரை விட்டு நகரத்தில் வாழும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அத்தகைய அத்தையை அவள் குடும்பத்தார் எதைக்கொண்டு நினைவுகூருகிறார்கள்? பெரும்பாலும் அவள் கைகளைக்கொண்டே. தென் இத்தாலியில் கோடை முடியுமுன் குடும்பம் முழுவதும் கூடி, ஓராண்டுக்கு வேண்டிய தக்காளிச் சாற்றைக் காய்ச்சிப் புட்டிகளில் அடைப்பார்கள். கழுவுவோர், அரைப்போர், மூடுவோர் என்று வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பவள் மூத்த பெண்மணியே.

இத்தாலியச் சமையல் குறிப்புகளில் 'குவாண்டோ பாஸ்தா' என்ற சொற்றொடர் அடிக்கடி வரும். 'போதுமான அளவு' என்பது அதன் பொருள். உப்பு எவ்வளவு? போதுமான அளவு. எண்ணெய் எவ்வளவு? போதுமான அளவு. அத்தை சொல்லச் சொல்ல ஒருவர் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆனால் எது போதும் என்பது அவள் விரல்களுக்குத்தான் தெரியும். அவள் மறைந்தபின் குறிப்பு இருக்கும், பக்குவம் இராது. அருகில் நின்று பார்த்தவர்களுக்கே அது கைவரும்.

துக்கத்திலும் அந்த மக்களுக்கு நல்வழக்கங்கள் உண்டு. தென் இத்தாலியில் மரணம் நேர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டாதிருக்க, உறவினரும் அயலாரும் உணவு சமைத்துக் கொண்டுவருவார்கள். 'கொன்சொலோ' என்பது அதன் பெயர். ஆறுதல் என்னும் சொல்லோடு உறவுடையது. நவம்பர் 2-ஆம் தேதி குடும்பத்தார் சாமந்திப் பூக்களோடு கல்லறைகளுக்குச் செல்வார்கள். ஆகையால் அந்நாட்டில் ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போகும்போது சாமந்தியைப் பரிசாகக் கொண்டுபோவதில்லை.

ஆனால் கவனியுங்கள். 1964-ஆம் ஆண்டில் இத்தாலியில் 10 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன. 2024-ஆம் ஆண்டில் பிறந்தவை ஏறத்தாழ 3 லட்சத்து 70 ஆயிரம் மட்டுமே. அவ்வாண்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.18 பிள்ளை என்ற அளவுக்கு எண்ணிக்கை இறங்கியிருந்தது. பெற்றோருக்கு ஒரே பிள்ளையாய் வளர்ந்த இருவர் மணம் செய்து பெறும் குழந்தைக்கு அத்தையும் இல்லை, சித்தியும் இல்லை, மாமனும் இல்லை. ஸீயா என்ற சொல் அகராதியில் இருக்கும். அழைக்க ஆள் இருக்கமாட்டாள்.

தாய் கண்டித்த பிள்ளை ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும் மடி அத்தையின் மடி. தகப்பனிடம் சொல்ல அஞ்சியதை அவளிடம் சொல்லலாம். தகப்பன் சிறுவனாயிருந்தபோது செய்த குறும்புகளையும் அவளே அறிவாள். அந்த மடி இல்லாத வீட்டில் பெற்றோரின் சுமையும் கூடுகிறது, பிள்ளையின் தனிமையும் கூடுகிறது.

ஆகவே, உங்கள் குடும்பத்தில் இன்றும் ஓர் அத்தை உயிரோடிருந்தால் நீங்கள் பேறுபெற்றவர்கள். இந்த மாதத்திலேயே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவளிடம் போங்கள். அவள் சமைக்கும்போது அருகில் நிற்கட்டும். பழைய புகைப்படத்தில் இருப்பவர் யார் யார் என்று கேட்கட்டும். கல்லறைக்குக் கொண்டுபோகும் பூவைக் காட்டிலும், அவள் கண் காணச் செலவிடும் ஒரு நாள் மேலானது.