ஊகத்துக்கும் கூலியா?

பழுதடைந்த வாகனத்தைத் திருத்துபவருக்குக் கூலி கொடுக்கவேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக்கருத்து இருக்கமுடியாது. ஆனால், பழுது எங்கே என்று அறியாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்களைக் கழற்றி மாட்டிப் பார்த்த நேரத்துக்கும் மணிக்கணக்கில் கூலி கேட்பது எந்த ஊர் நியாயம்? வாகன முகவர் நிறுவனங்களின் வேலைத்தளங்களை நோக்கி நான் எழுப்பும் கேள்வி இதுதான்.

இதை மன்னாரிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு இது. தாம்போதியைக் கடந்து தலைமன்னார் வரை ஓடும் எந்த வாகனமும் உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டுதான் ஓடுகிறது. பேசாலையிலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் லொறிகளின் நிலை இன்னும் மோசம். பெட்டிகளிலிருந்து உருகி வழியும் உப்புநீர் சட்டகம் முழுவதும் பரவி, வயர்களின் இணைப்புகளுக்குள் புகுந்துவிடும். வெளியுறை பளபளப்பாக இருக்க, உள்ளே செப்புக் கம்பி பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கும். போதாக்குறைக்கு, 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. ஐந்து ஆண்டுகளாகப் பழைய வாகனங்களையே பழைய வயர்களுடன் ஓட்டவேண்டிய நிலை எமக்கு.

எனது நண்பர் ஒருவர் மீன் வியாபாரி. அவரது சிறிய லொறி அதிகாலையில் இயங்க மறுத்தது. இரவில் முன்விளக்குகள் மங்கின. தீவுக்கு வெளியே உள்ள முகவர் நிறுவனம் ஒன்றின் வேலைத்தளத்துக்கு அதைக் கொண்டுசென்றார். கணினியைப் பொருத்திப் பார்த்தார்கள். பி 0562 என்ற குறியீடு வந்தது. பற்றரியை மாற்றினார்கள். கோளாறு நீங்கவில்லை. அல்ரனேற்றரை மாற்றினார்கள். அப்போதும் நீங்கவில்லை. அதன்பின் வயர்த்தொகுதியைப் ‘பரிசோதித்தார்கள்’. இறுதியில் பாகங்களின் விலைக்குப் புறம்பாக 9 மணித்தியாலக் கூலி என்று பட்டியல் நீட்டினார்கள். லொறி வீடு திரும்பிய மறுவாரமே மீண்டும் படுத்துவிட்டது.

மன்னார் நகரத்தின் வாகன மின்திருத்துநர் ஒருவர் மல்ரிமீற்றருடன் வந்தார். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சினின் உடலிலும் வைத்துக்கொண்டு ஸ்ராட் பண்ணச் சொன்னார். அரை வோல்ற்றுக்குக் குறைவாக இருக்கவேண்டிய அளவு இரண்டரையைத் தாண்டியது. ஏர்த் கேபிள் சட்டகத்தில் இணையும் ஆணியின் கீழ் துரு படிந்திருந்தது. சுரண்டித் துடைத்து, கேபிளின் நுனியை மாற்றி, கிரீஸ் பூசி இறுக்கினார். முழுவேலையும் அரைமணி நேரத்துக்குள் முடிந்தது.

இதில் மாயமந்திரம் எதுவுமில்லை. ஸ்ராட்டர் மோட்டார் ஏறத்தாழ 150 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது என்று கொள்வோம். துருப்பிடித்த இணைப்பில் ஓர் ஓமின் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருந்தாலே 3 வோல்ற் அங்கே காணாமற்போய்விடும். 12.6 வோல்ற் கொண்ட நல்ல பற்றரியும் அதனால் செத்த பற்றரி போலவே நடந்துகொள்ளும். பி 0562 என்பதன் பொருள் ‘மின்னழுத்தம் குறைவு’ என்பது மட்டுமே. ஏன் குறைந்தது என்பதை அந்தக் குறியீடு சொல்லாது. நோயாளியின் முனகலை நோயின் பெயராக எழுதிக்கொள்ளும் வைத்தியருக்கு நாம் பணம் கொடுப்போமா?

கூலிக் கணக்கின் சூட்சுமத்தையும் வாசகர்கள் அறிந்துகொள்ளவேண்டும். ஒரு பாகத்தை மாற்ற இவ்வளவு நேரம் என்று உற்பத்தி நிறுவனங்கள் அட்டவணை வகுத்திருக்கின்றன. இரண்டு மணித்தியாலம் என்று அட்டவணை சொல்லும் வேலையை ஒரு மணித்தியாலத்தில் முடித்தாலும் இரண்டுக்கே கூலி. ஆனால் மின்கோளாற்றைத் தேடும் வேலைக்கு அட்டவணை போடமுடியாது. அங்கே கடிகாரம் எடுக்கப்படுகிறது. வேலை விரைந்து முடிந்தால் அட்டவணை. தேடல் நீண்டால் கடிகாரம். எந்தப் பக்கம் விழுந்தாலும் பணம் வேலைத்தளத்துக்கே!

நண்பருக்காக நான் கடிதம் எழுதினேன். மூன்றே கேள்விகள். பற்றரியை மாற்றுமுன் எடுத்த அளவுகள் எவை? 9 மணித்தியாலங்களில் எந்த மணித்தியாலம் எந்த வேலைக்குச் சென்றது? கழற்றிய பாகங்கள் எங்கே? மூன்றுக்கும் பதில் வரவில்லை. ‘நல்லெண்ண அடிப்படையில்’ கூலியில் பாதியைக் குறைப்பதாக மட்டும் கூறினார்கள். கொடுக்கவேண்டியிராத பணத்தைத் திருப்பித் தருவதற்கு நல்லெண்ணம் என்று பெயரா?

பயிற்சிக்கும் கருவிகளுக்கும் பெரும் முதலீடு செய்கிறோம் என்பது அவர்களது வாதம். ஒப்புக்கொள்கிறேன். கோளாற்றைக் கண்டறிவது மூளையுழைப்பு. அதற்கு உரிய கூலி உண்டு. அரைமணி நேரத்தில் கண்டுபிடித்த அந்த மின்திருத்துநருக்கும் அரைமணி நேரக் கூலியைவிட அதிகம் கொடுப்பதே நீதி. ஆனால் கண்டறிதலுக்குக் கூலி கேட்பவர் கண்டறிந்திருக்கவேண்டும். பற்றரியை மாற்றிப் பார்ப்பதும் அது சரிவராவிட்டால் அல்ரனேற்றரை மாற்றிப் பார்ப்பதும் வாடிக்கையாளரின் பணத்தில் நடத்தப்படும் சூதாட்டம்.

இந்தப் பிணக்கு எம்முடையது மட்டுமல்ல. கனடாவின் ஒன்ராறியோவில் 2002இல் இயற்றப்பட்ட நுகர்வோர் சட்டம், எழுத்திலான மதிப்பீட்டை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டிப் பணம் அறவிடக்கூடாது என்று வாகனத் திருத்துநர்களைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவின் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாவுக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளித் திருத்துநர்களுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. அபராதத் தொகை பின்னர் மேன்முறையீடுகளில் இழுபட்டபோதிலும், கருவியைப் பூட்டிவைத்துக்கொண்டு கூலியை ஏற்றுவது முறையல்ல என்ற கருத்து பதிவாகிவிட்டது.

எமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. சேவை தகுந்த கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்படவேண்டும் என்ற உத்தரவாதம் அதில் உள்ளடங்கியுள்ளது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தாகவேண்டும். மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். ஆனால் சட்டப்புத்தகத்தில் இருக்கும் உரிமை, 80 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வவுனியாவுக்கு லொறியை இழுத்துச்சென்று, இரண்டு நாள் வியாபாரத்தையும் இழந்து நிற்கும் மனிதனுக்கு எட்டுவதில்லை. களைத்துப்போனவன் பணத்தைக் கட்டிவிட்டுத் திறப்பை வாங்கிக்கொள்கிறான். இந்தக் களைப்பையே அவர்கள் இலாபமாக்குகிறார்கள்.

எனவே, வாகனத்தை ஒப்படைக்குமுன் எழுத்தில் கேளுங்கள். கண்டறிதலுக்கு உச்சக் கூலி எவ்வளவு என்று கேளுங்கள். எனது சம்மதமின்றி எந்தப் பாகத்தையும் மாற்றக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள். எடுத்த அளவுகளையும் கழற்றிய பாகங்களையும் கையில் தரச்சொல்லுங்கள். தரமறுப்பவரிடம் வாகனத்தை விடாதீர்கள். திருத்தும் தொழிலுக்கு நாம் கடன்பட்டவர்கள்தான். ஊகிக்கும் தொழிலுக்கு ஒரு சதமும் கடன்பட்டவர்கள் அல்ல.