அமைதிக்கும் அனுமதிச் சீட்டு

வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லியே பொழுதைக் கழிக்கும் ஊர்கள் சில உண்டு. இடுக்கி மாவட்டத்தின் தமிழக எல்லையோரத்தில் இருக்கும் மூணாறு, மறையூர், குமுளி எல்லாம் அந்த ரகம். பனியையும் தேயிலையையும் வரையாட்டையும் பார்க்க ஊர் உலகமே அங்கே வருகிறது. சரி, அங்கேயே பிறந்தவர்களுக்கு நாலு நாள் லீவு கிடைத்தால் எங்கே போவார்கள்? மலையில் இருப்பவனுக்குக் கடல் மேல்தான் ஆசை. பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையிலும் கோவிந்தாபுரத்திலும் வெயிலில் காய்கிறவர்களுக்கும் அப்படியே. அதிலும் இப்போதெல்லாம் வெறும் கடல் போதுவதில்லை. கூட்டமில்லாத தீவாக வேண்டும்.

2024 ஜனவரியில் பிரதமர் மோடி லட்சத்தீவுக்குப் போய்வந்தார். வெள்ளை மணலில் அவர் நடக்கும் படங்கள் வெளியான பிறகு இந்த ஆசை நாடு முழுவதும் பரவிவிட்டது. மாலத்தீவோடு மூண்ட வாய்ச்சண்டை அதற்கு எண்ணெய் ஊற்றியது. எல்லைப்புறத்தாருக்கு இதில் ஒரு கூடுதல் வசதி. லட்சத்தீவுக்கு வாசல் கொச்சி. பாலக்காட்டிலிருந்து ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் எர்ணாகுளம். மூணாறிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். தில்லிக்காரர் கனவு காணும் இடத்துக்கு நம்மவர் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் போலத் தோன்றும்.

தோன்றும், அவ்வளவுதான். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நண்பர் ஒருவர், பள்ளி ஆசிரியர், டிசம்பர் விடுமுறைக்கு மனைவி மக்களோடு போகத் திட்டமிட்டார். விசாரித்துவிட்டுத் திரும்பியவர் கொதித்துப் போயிருந்தார். “நம்ம நாட்டுக்குள்ளயே போறதுக்கு எதுக்கு சார் பாஸ்? ஊர்ல மழையில்லாத ஒரே மாசத்தைப் பாத்துக் கெளம்பினா, கப்பல்ல எடமில்லைங்கறாங்க. நான் என்ன பாகிஸ்தானுக்கா போறேன்?”

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பாஸ் கேட்பது நேற்று முளைத்த வழக்கமல்ல. லட்சத்தீவில் நுழையவும் தங்கவும் கட்டுப்பாடு விதிக்கும் விதிகள் 1967இல் வந்தவை. தீவுக்காரரல்லாத யாரும், இந்தியக் குடிமக்கள் உள்பட, அனுமதி பெற்றே போக வேண்டும். விதிவிலக்கு அரசு ஊழியர், ராணுவத்தினர் போன்ற சிலருக்கு மட்டுமே. தீவு நிர்வாகத்தின் கீழ் இயங்கும் ‘ஸ்போர்ட்ஸ்’ என்ற சுற்றுலா அமைப்பின் வழியாகப் பயணத் திட்டம் எடுத்துக்கொள்வது ஒரு வழி. தீவில் இருக்கும் ஒருவர் உங்களுக்குப் பொறுப்பேற்று அழைப்பது இன்னொரு வழி. விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். கட்டணமும் கேட்கப்படும் சான்றிதழ்களும் அவ்வப்போது மாறுவதால், போன வருஷம் போய்வந்த மைத்துனர் சொன்னதை நம்பி டிக்கெட் எடுப்பது வேண்டாம்.

ஏன் இந்தக் கெடுபிடி? கணக்கைப் பார்த்தால் புரியும். லட்சத்தீவு என்று பெயர்தான் லட்சம். இருப்பவை 36 தீவுகள். மக்கள் வாழ்வது பத்தில் மட்டும். அத்தனை தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் 32 சதுர கிலோமீட்டர். மூணாறுக்குப் பக்கத்திலிருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர். அதாவது நாம் வரையாட்டுக்கு ஒதுக்கியிருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஒரு முழு யூனியன் பிரதேசம். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே 64,473 பேர் வாழ்கிறார்கள். சதுர கிலோமீட்டருக்கு இரண்டாயிரம் பேர்! ‘ஆளரவமற்ற தீவு’ என்ற விளம்பரச் சித்திரம் இந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. கூட்டமில்லாத தீவு அல்ல அது; வெளியூர்க் கூட்டத்தை உள்ளே விடாத தீவு.

இது எல்லையோரத்தாருக்குப் புதிதாக இருக்க வேண்டிய விஷயமல்ல. பாலக்காடு மாவட்டத்திலேயே இருக்கும் பரம்பிக்குளத்துக்குப் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. அங்கேயும் இரவு தங்க முன்பதிவு வேண்டும். அமைதிப் பள்ளத்தாக்குக்கு முக்காலியில் இறங்கி, வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியில்தான் போகலாம். ராஜமலையில் வரையாடு குட்டி போடும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரியும் மார்ச்சும், கதவைச் சாத்திவிடுகிறார்கள். யாரும் உரிமைப் பிரச்சினை கிளப்பியதாகத் தெரியவில்லை. கட்டுப்பாடு இல்லாத இடத்தின் கதி என்ன என்பதற்கும் வெகுதூரம் போக வேண்டாம். நீண்ட விடுமுறை நாளில் மூணாறு டவுனில் வண்டியை நிறுத்த இடம் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வந்தது, சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு. மலை தாங்காது என்று நாம் கண்டுகொண்ட உண்மையைத் தீவு முன்கூட்டியே சட்டமாக வைத்திருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

ஆட்டுக்காகக் கதவைச் சாத்தினால் ஒப்புக்கொள்கிறோம். மனிதர்களுக்காகச் சாத்தினால் மட்டும் ஏனோ கோபம் வருகிறது.

அடுத்தது கப்பல். கொச்சி வில்லிங்டன் தீவிலிருந்து புறப்படுகிறது. எந்தத் தீவு என்பதைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம் ஆகும். இதைச் சொகுசுக் கப்பல் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். தீவு மக்களுக்கு இதுதான் பஸ். கொச்சி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க வருபவர், கல்லூரிக்குத் திரும்பும் பிள்ளை, பேறுகாலத்துக்கு வரும் பெண், கல்யாண ஜவுளி எடுக்க வரும் குடும்பம் எல்லாம் இதே கப்பலில்தான். கப்பல்கள் பழுதுபார்ப்புக்குப் போய் எண்ணிக்கை குறைந்த நாட்களில் டிக்கெட் கிடைக்காமல் தீவு மக்கள் போராட்டம் வரை போயிருக்கிறார்கள். நண்பருக்குக் கிடைக்காமல் போன நான்கு இடங்களில் யார் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், சுற்றுலாவுக்கென்று ஒதுக்கிய இடங்களை மட்டுமே கேட்க வேண்டும். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பிடித்து சாதாரண டிக்கெட் வாங்கும் நம்மூர் சாமர்த்தியத்தை இங்கே காட்டக் கூடாது. அவசரக்காரர்களுக்கு அகத்தி தீவில் விமான நிலையம் இருக்கிறது, 1988 முதல். ஓடுபாதை குட்டையானது, சிறிய விமானம்தான் இறங்கும். அங்கிருந்து மற்றத் தீவுகளுக்குப் படகு பிடிக்க வேண்டும்.

கப்பலில் போகும் முதியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல தீவுகளில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்பதில்லை. நடுக்கடலில் நிறுத்தி, அலையில் ஏறி இறங்கும் சிறு படகுக்கு மாற்றுவார்கள். கைகொடுத்து இறக்கிவிட ஆட்கள் இருக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் தண்ணீர். லட்சத்தீவில் ஆறு கிடையாது, ஓடை கிடையாது. பவளப்பாறை மேல் படிந்த மணல் திட்டு அது. பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. கிணறு தோண்டினால் கிடைப்பது அந்தப் படலம். அளவோடு எடுத்தால் இனிக்கும். மோட்டார் போட்டு இழுத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். பிறகு அந்தக் கிணறு அடுத்த மழைக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. ஆழ்கடலின் குளிர்ந்த நீருக்கும் மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டே கடல்நீரைக் குடிநீராக்கும் முறை அது. மேல்நீரை அழுத்தம் குறைந்த கலத்தில் ஆவியாக்கி, ஆழத்திலிருந்து குழாய் வழியாக இழுத்த குளிர்நீரால் அந்த ஆவியைத் தண்ணீராக்குகிறார்கள். 2005இல் கவரத்தியில் முதல் நிலையம் வந்தது, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். 2011இல் மினிக்காய்க்கும் அகத்திக்கும் வந்தது. நம் ஊர் நிறுவனம் செய்த உருப்படியான காரியம் என்று பெருமைப்படலாம். ஆனால் கவரத்தியில் இருப்பவர்கள் பதினோராயிரம் பேருக்கு மேல். ஒரு லட்சத்தைப் பங்கு போட்டால் ஆளுக்கு 9 லிட்டர். குளியலறை பக்கெட் நிறையாது. குடிக்கவும் சமைக்கவும்தான் அது. இந்தக் கணக்கில் நாளுக்கு இரண்டு முறை ஷவரில் குளிக்கும் விருந்தாளிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சித்தூர் தாலுகாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிளாச்சிமடையில் 2000இல் வந்த கோககோலா ஆலை, கிணறுகள் கெட்டுப்போனதாக ஊர் மக்கள் நடத்திய போராட்டத்துக்கும் பெருமாட்டிப் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததற்கும் பிறகு 2004 மார்ச்சில் மூடப்பட்டது. தங்கள் நிலத்தடி நீரை வெளியார் இறைப்பது என்றால் என்ன என்று பார்த்த மண் அது. அந்த மண்ணிலிருந்து போகிற நண்பருக்கு, சுஹேலியிலும் கத்மத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட அறைகளோடு நட்சத்திர ஹோட்டல்கள் வரப்போகின்றன என்ற 2023 ஆம் ஆண்டு அறிவிப்பு வெறும் விளம்பரச் செய்தியாகப் படுமா?

அப்படியானால் போகவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. சுற்றுலாவால் அங்கேயும் பலருக்குப் பிழைப்பு நடக்கிறது. போக வேண்டும், அவர்கள் கணக்குக்கு அடங்கிப் போக வேண்டும். அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரை பருவம். அதற்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். டிசம்பரில் எல்லோரும் முட்டி மோதுவதால் பிப்ரவரி உத்தமம். ராஜமலை மூடியிருக்கும் நாட்களில் மூணாறுக்காரர் கிளம்பினால் பொருத்தமாகவும் இருக்கும். பிளாஸ்டிக் பையைப் போட்டுவிட்டு வர அங்கே இடமில்லை. கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். பங்காரம் தவிர மற்றெங்கும் மதுவிலக்கு, பையில் பாட்டில் வேண்டாம். சைவக்காரர்களுக்குச் சோறும் காய்கறியும் கிடைக்கும், ஆனால் காய்கறியும் கப்பலில்தான் வர வேண்டும். கேரளத்துக்குப் போகும் ஒட்டன்சத்திரம், கம்பம் காய்கறி நம் சோதனைச் சாவடிகளைத் தாண்டித்தானே போகிறது? நமக்கு முன்பே நம் தக்காளி தீவைப் பார்த்திருக்கலாம். பவளத்தை மிதிக்காதீர்கள், உடைத்தெடுக்காதீர்கள். 1998இலும் 2010இலும் 2016இலும் கடல் சூடேறி அது வெளுத்தது, 2024இல் மறுபடியும்.

தமிழ் படித்தவர்களுக்கு அங்கே இன்னொரு விருந்து இருக்கிறது. கடலில் உள்ள பழைய தீவுகள் பன்னீராயிரத்தை ராஜராஜன் வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி பேசுகிறது. அது மாலத்தீவைச் சேர்ந்த தீவுக்கூட்டம் என்பது அறிஞர் பலரின் கருத்து. லட்சத்தீவில் பேசப்படும் ஜெசரி மலையாளத்தின் உறவு. சொல் முதலில் வரும் பகரம் அங்கே ஃபகரமாகிவிடும், வகரம் பகரமாகிவிடும். ‘பூ’ என்பது ‘ஃபூ’, ‘வா’ என்பது ‘பா’. பாலக்காட்டுத் தமிழும் மூணாறு மலையாளமும் கலந்து பேசிப் பழகிய காதுக்கு இரண்டு நாளில் பிடிபட்டுவிடும். தெற்கே, கொச்சியிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டரில் இருக்கும் மினிக்காயில் பாஷையே வேறு. மாலத்தீவின் திவேகி, சிங்களத்தின் உறவு, வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். 1885இல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கமும் அங்கேதான்.

திரும்பும்போது வாங்கிவர ஏற்றது மாசி. சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் ஆகும்வரை காயவைத்தது. நம் கடற்கரைச் சந்தைகளிலும் இலங்கையிலும் இதே பெயரில் கிடைக்கும், தீவுக்காரர்களுக்கு முக்கிய வருமானங்களில் ஒன்று. நன்றாக, இரண்டு மூன்று சுற்றுக் காகிதம் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். துணிப்பெட்டியில் சும்மா போட்டால், எர்ணாகுளத்தில் பஸ் ஏறி நேரியமங்கலம் தாண்டுவதற்குள், நீங்கள் எங்கே போய்வந்தீர்கள் என்பது பஸ் முழுவதற்கும் தெரிந்துவிடும்.