நொய்யல் மணலில் கண்டங்களின் வயது: ஆய்வாளர்கள் தேடுவது என்ன?

நொய்யல்னாலே திருப்பூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது சாயக்கழிவு, ஒரத்துப்பாளையம் அணை, 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. அடுத்ததாக, மணல். வீடு கட்டுபவருக்கு அது லோடு கணக்கு. நிலவியல் ஆய்வாளருக்கோ பழைய பத்திரம் மாதிரி.

மணலில் என்ன இருக்கிறது?

ஆற்று மணலில் குவார்ட்ஸ்தான் அதிகம். அதோடு சிர்கான் என்ற கனிமமும் பொடிப்பொடியாகக் கலந்திருக்கும். பாறைக்குழம்பு இறுகும்போது உருவாகும் சிர்கான், யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை அநேகமாக ஒதுக்கிவிடும். அந்த யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் பிடிக்கும். ஆக, இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் துகளின் வயது கிடைத்துவிடும். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் சுமார் 440 கோடி ஆண்டு வயதுள்ள சிர்கான் கிடைத்திருக்கிறது.

பாறை இருக்க, மணல் எதுக்கு?

ஒரு பாறை தன் இடத்துக் கதையை மட்டும்தான் சொல்லும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் நொய்யலோ, வழிநெடுக எல்லாப் பாறைகளின் துகளையும் அள்ளி வருகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட துகள்களை லேசரால் சோதித்தால், படுகையின் வயதுப் பட்டியல் தெரியும். துகளில் உள்ள ஹாஃப்னியத்தை அளந்தால், அந்த மேலோடு புதிதாக உருவானதா, பழையது உருகி மீண்டும் இறுகியதா என்பதும் புரியும்.

திருப்பூருக்கு என்ன சம்பந்தம்?

பாலக்காட்டிலிருந்து காவிரி வரை, பாறைகள் நெரிந்து நகர்ந்த பெரிய பட்டை ஒன்று ஓடுகிறது. கொங்கு நாடு அதன்மீதுதான் இருக்கிறது. வடக்கே நீலகிரி, சேலம் பக்கம் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான பாறைகள். தெற்கே மதுரைப் பக்கம், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா பெருங்கண்டம் உருவானபோது கடும் வெப்பத்தில் வெந்த பாறைகள். இங்கே ஒரு பெருங்கடல் மூடி, இரண்டு நிலப்பகுதிகள் ஒட்டிக்கொண்டன என்பது ஒரு தரப்பு. ஏற்கெனவே ஒன்றாக இருந்த நிலம்தான் நகர்ந்து நெரிந்தது என்பது மறுதரப்பு. காங்கேயம் அருகே சிவன்மலைப் பாறைகளை தாமஸ் ஹாலந்து 1901-லேயே விரிவாக எழுதினார். அவற்றின் வயது சுமார் 60 கோடி ஆண்டுகள் எனப் பிற்காலத்தில் கணக்கிடப்பட்டது.

எதனால் ஆபத்து?

சாயக்கழிவு சிர்கானைக் கரைக்காது. மணலை அள்ளுவதும், வெளியூர் மணலைக் கொட்டுவதும்தான் சிக்கல். எந்தத் துகள் எங்கிருந்து வந்தது என்ற கணக்கே குழம்பிவிடும். அணையும் மேல்பகுதி மணலைத் தடுத்துவிடுகிறது. விவசாயிக்கு இதைவிட முக்கியம், மணல் போனால் கிணற்று நீர்மட்டம் இறங்கும் என்பது. ஆனால், இரண்டு இழப்புக்கும் காரணம் ஒன்றுதான்.

இதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. ஆற்றைத் தூர்வாரும்போதே இடம், ஆழம் குறித்து, சில கிலோ மணலைப் பல்கலைக்கழகங்களில் பத்திரப்படுத்தலாம். அள்ளிய பிறகு தேடினால் கிடைக்காது.